அத்தியாயம் ஏழு: நீலம் மாறாத ஏரி

"என் ஏரிக்குள்ள நான் செருப்போட நடக்கிறேன். இவங்க படத்துல அது நீலமா இருக்கு. ரெண்டுல ஒண்ணுதானேம்மா உண்மையா இருக்க முடியும்?"

விவசாயி இக்கேள்வியை மூன்றாம் நாளாகக் கேட்டார். முதல் நாள் உரக்கக் கேட்டார். இரண்டாம் நாள் மேசையைத் தட்டிக் கேட்டார். இன்றோ நாற்காலியின் நுனியில் அமர்ந்து, தணிந்த குரலில் கேட்டார். அந்தத் தணிந்த குரல்தான் துப்பறிவாளரை மிகவும் உறுத்தியது.

ஏரிப் பாசனச் சங்கத்தின் தலைவர் அவர், வயது அறுபத்தைந்து. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய, ஆள் உயரத்தையும் விஞ்சிய கோல் ஒன்றைக் கையில் ஊன்றியிருந்தார்.

"ரயில்வே கேட்டைப் பிடுங்கிக்கிட்டு வந்துட்டீங்களா, பெரியவரே? அங்க ரயில் வந்தா என்ன ஆகும்?" என்றார் வாயாடி.

வாயாடி என்பது துப்பறிவாளரின் உதவியாளருக்கு ஊர் வைத்த பெயர். நாற்பதைக் கடந்து, தலைமுடியில் பாதியை இழந்தும், வாயில் ஒரு சொல்லைக்கூட இழக்காதவர். துப்பறிவாளரோ, காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் பொய்களைப் பிரித்து ஆராய்ந்துவிட்டு ஓய்வு பெற்ற பெண்மணி. ஒரு வாக்கியம் தேவைப்படும் இடத்தில் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்பவர்.

"ஏரியில கிடந்துச்சு தம்பி. ஆடு ஓட்ட ஆச்சு" என்றார் விவசாயி, சிரிக்காமல்.

வழக்கு இதுதான். செயற்கைக்கோள் ஒன்று ஐந்து நாள்களுக்கு ஒரு முறை, காலை பத்தரை மணியளவில், அந்த ஊரின் மேலாகக் கடந்து படம் எடுக்கிறது. நீர்நிலைக் கண்காணிப்பு அலுவலகம் அப்படங்களைக் கொண்டு மாதந்தோறும் ஒரு வரைபடம் வெளியிடுகிறது: நீர் இருக்கும் இடம் நீலம், வறண்ட இடம் பழுப்பு. பழுப்பாகத் தெரியும் ஏரிகள் மட்டுமே தூர் வாரும் பட்டியலில் ஏறும். விவசாயியின் ஏரி வறண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன; வரைபடத்திலோ அது மூன்று ஆண்டுகளாக நீலம். மனுக் கொடுத்தார்; "படத்தில் நீர் உள்ளது" என்று பதில் வந்தது. வெடித்துக் கிடந்த ஏரியின் நடுவே தாமே நின்று, புகைப்படம் எடுத்து அனுப்பினார்; அதற்கும் அதே பதில், அதே தேதி முத்திரையுடன் வந்தது. எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தரும் மரியாதையை, அந்த மண்ணிலேயே நிற்பவரின் கண்ணுக்குத் தரக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறதோ, அதை இயற்றியவர்களுக்கே வெளிச்சம்.

"இன்னைக்கு அஞ்சு மணிக்குப் பட்டியலை மூடுறாங்க" என்றார் விவசாயி. "இந்த வருஷமும் விட்டுட்டா, அப்புறம் தூர் வாரினாலும் குடிக்க ஆள் இருக்காது. மருமக பேரப்பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு டவுனுக்குப் போயிட்டா. 'தண்ணி வந்தா சொல்லுங்க மாமா, வந்துடறோம்'னா. தினமும் சாயங்காலம் பேரன் போன் போட்டுக் கேக்கிறான், வந்துடுச்சா தாத்தான்னு. நான் என்ன சொல்றது? படத்துல வந்துடுச்சுடான்னு சொல்லவா?"

"தண்ணி லாரிக்காரன்தான் அக்கா" என்றார் வாயாடி. "ஏரி நிறைஞ்சா அவன் லாரிக்கு வேலை ஏது? அலுவலகத்துல யாரையோ கைக்குள்ள போட்டுக்கிட்டு ஏரிக்கு நீல பெயின்ட் அடிச்சுட்டான். வாங்க, போய் அமுக்குவோம்."

துப்பறிவாளர் சன்னல் அருகே சென்றார். மெல்லிய தாளில் அச்சிட்ட ஆறு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். வெயில் அவற்றை ஊடுருவிற்று.

"வெயில் காலத்துப் படம் மூணு. மழைக் காலத்துப் படம் மூணு. கரை எத்தனை தெரியுது?"

வாயாடி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஒண்ணு."

"தண்ணி ஏறும், இறங்கும். இது மூணு வருஷமா ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல."

"அசையாத தண்ணியை நான் ஒரே ஒரு இடத்துலதான் அக்கா பாத்திருக்கேன். காலண்டர்ல."

"அதேதான். இது படம் பாத்து வரைஞ்ச கரை இல்ல. பழைய படம் ஒண்ணுலேர்ந்து மாசா மாசம் எடுத்து ஒட்டின கரை." அவர் ஏழாவது தாளை எடுத்து ஆறின்மேல் வைத்தார். கரை இம்மியும் பிசகாமல் பொருந்திற்று. "நாலு வருஷத்துக்கு முந்தின படம். ராத்திரி முழுக்கத் தேடி எடுத்தேன். இப்ப சொல்லு. இதுக்கு அடுத்த மாசமே ஏரி ஒண்ணரை மடங்கு பெரிசா இருந்திருக்கு. நிறைஞ்ச ஏரியோட படம் கையில இருக்கும்போது, அரை ஏரியோட படத்தை எவன் திருடுவான்?"

"டயட்ல இருக்கிறவன்."

"பொய் சொல்றவன் கஞ்சத்தனம் பண்ண மாட்டான், வாயாடி. லாரிக்காரனா இருந்தா பெரிய ஏரியாத்தான் எடுத்திருப்பான். இவங்களுக்கு வேண்டியது தண்ணி இல்ல. இந்தப் படம் எடுத்த அந்த ஒரு நாள்."

பின்னர் அவர் வடகிழக்குக் கரையில் விரலை வைத்தார். அங்கே ஒரு சிறு கட்டம், ஈறிலிருந்து பிதுங்கிய பல்லைப் போல, கரையை விட்டு வெளியே நீண்டிருந்தது.

"இந்தப் பல் செயற்கைக்கோள் எடுத்த அசல் படத்துல இல்ல. அங்க வெறும் கோரைப்புல். மேலேர்ந்து பாத்தா அது தரை. புல்லுக்கு அடியில தண்ணி இருக்குன்னு யாரோ அங்கேயே போய் நின்னு பாத்துச் சொன்னாத்தான் இதை நீலமாக்க முடியும். அதுக்குன்னு அலுவலகத்துல ஒரு கள ஆள் உண்டு. செயற்கைக்கோள் மேல போற அதே நிமிஷம் அவர் கரை ஓரத்துல நிக்கணும். அன்னைக்கு யார் போனாங்கன்னு பதிவேட்டுல பாத்தேன்."

"யாரு?"

"யாரும் போகலை. கள ஆள் விடுப்பு." துப்பறிவாளர் தாள்களைச் சுருட்டினார். "யாருமே போகாத இடத்துல, யாரோ நின்னிருக்காங்க. வாங்க."

*

அலுவலக வாயிலில் காவலாளி விவசாயியை மறித்தார். "கோலை வெளியில வெச்சுட்டு வாங்க. இல்லன்னா நீங்களும் வெளியில இருங்க."

"மூணு வருஷமா வெளியிலதான்யா இருக்கேன்" என்று கூறிவிட்டு, விவசாயி படிக்கட்டில் அமர்ந்துகொண்டார்.

சரிபார்ப்பு அறை இரண்டாம் மாடியில் இருந்தது. திரையின் நிறம் மங்கித் தெரியக் கூடாது என்பதற்காகச் சன்னல்கள் அனைத்திலும் தடித்த திரைச்சீலைகள். நான்கு மேசைகளில் மூன்று வெறுமையாகக் கிடந்தன. அவ்வேலையை இப்போது கணினியே செய்துவிடுகிறது. நீரா, தரையா என்று கணினி தீர்மானிக்க இயலாத கட்டங்கள் மட்டும் நான்காவது மேசைக்கு வரும். அங்கே ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் அமர்ந்திருந்தார். சரிபார்ப்பாளர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மேசையின் கண்ணாடிப் பலகைக்கு அடியில் பேருந்து நேர அட்டவணை ஒன்று, ஓரம் மஞ்சளித்துக் கிடந்தது. அதில் ஒரு வரியின் கீழ் மட்டும் கோடு: காலை 10.50.

துப்பறிவாளர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, ஏரியைப் பற்றிக் கேட்டார்.

"அந்த ஏரி கருங்களிமண் தரை" என்றார் சரிபார்ப்பாளர், ஒப்பிப்பது போல. "காஞ்சாலும் மேலேர்ந்து பாக்கக் கறுப்பாத்தான் தெரியும், தண்ணி மாதிரியே. மெஷினுக்குச் சந்தேகம் வரும். என்கிட்ட அனுப்பும். நான் பாத்து முடிவு பண்ணுவேன்."

"மூணு வருஷமும் ஒரே முடிவா?"

அவர் கழுத்தில் தொங்கிய மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டார். அந்த இடைவெளியை நிரப்புவது தம் பொறுப்பு என்று எண்ணிய வாயாடி, குனிந்து அட்டவணையைப் பார்த்தார்.

"இந்த பஸ்ஸெல்லாம் நின்னு போய் ரெண்டு வருஷம் ஆகுதே மேடம். இன்னும் காத்துக்கிட்டா இருக்கீங்க?"

"ஆமா" என்றார் அவர்.

வாயாடியின் முகத்தில் இருந்த சிரிப்பு, இறங்குவதற்கு இடம் தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டது. துப்பறிவாளர் காலியாகக் கிடந்த நாற்காலி ஒன்றை இழுத்து, மேசைக்கு எதிரில் அல்லாமல், பக்கத்தில் போட்டு அமர்ந்தார். ஏழாவது தாளை விரித்தார். வடகிழக்கு மூலையில் இருந்த பல்லின்மேல் விரலை வைத்தார்.

"இங்க யார் நின்னது?"



"என் பையன்" என்றார் சரிபார்ப்பாளர். "இருபத்திரண்டு வயசு. அன்னைக்குக் கள ஆள் லீவு. செயற்கைக்கோள் யாருக்காகவும் காத்திருக்காது; அந்த நாளை விட்டா அப்புறம் மேகம் மூடிக்கும். இவன் வீட்ல சும்மாதான் இருந்தான். போயிட்டு வாடான்னேன். மாட்டேன்னான். பெரிய சண்டை. 'உன் ஏரியை நீயே கட்டிக்கிட்டு அழு, நான் ஃப்ரெண்டு ஊருக்குப் போறேன், திரும்ப வர மாட்டேன்'னான். சொல்லிட்டு, அளவுகோலையும் எடுத்துக்கிட்டுத்தான் போனான். அவன் அப்படித்தான். வாய் மாட்டேன்னு சொல்லும், கை செஞ்சுடும்."

"அப்புறம்?"

"பத்து முப்பத்திநாலுக்கு மெசேஜ் வந்துச்சு. ரெண்டு எண், நிக்கிற இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகை. அவ்வளவுதான். அம்மான்னு ஒரு வார்த்தை இல்ல. கோபம். அந்த எண்ணை வெச்சு இந்தக் கட்டத்தை நீலமாக்கினேன்." அவருடைய விரல் பல்லின் விளிம்பைத் தடவிற்று. "பத்து அம்பதுக்கு அந்தப் பக்கமா ஒரு பஸ் போகும்."

"அதுல போயிட்டான்."

"அதுலதான் போயிருக்கான்" என்றார் அவர் விரைந்து. "சாயங்காலம் ஏரிக்குப் போய்ப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. வெறும் தண்ணி. போலீஸ்ல, சண்டை போட்டுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிட்டான்னு எழுதிக் கொடுத்தேன். ஏரிக்கு அனுப்பினதைச் சொல்லலை. வெளியாளைக் களத்துக்கு அனுப்பினா வேலை போயிடும்னு முதல்ல சொல்லலை. அப்புறம்..."

"சொன்னா ஏரியில தேடுவாங்கன்னு சொல்லலை."

சரிபார்ப்பாளர் தலையசைத்தார்.

"அடுத்த வருஷம் ஏரி வத்திடுச்சு. பழுப்புன்னு போட்டா மெஷினைக் கொண்டு வந்து தோண்டுவாங்க. தண்ணி இருக்கிற வரைக்கும் யாரும் அடியில பாக்க மாட்டாங்கம்மா. அடியில பாக்காத வரைக்கும் அவன் பஸ் ஏறிப் போன பிள்ளை. எங்கேயோ கோபமா இருக்கான். அது போதும் எனக்கு." அவர் திரையில் அந்த நாளின் அசல் படத்தைத் திறந்து, பெரிதாக்கி, மேலும் பெரிதாக்கினார். கரிய, பச்சைக் கட்டங்கள் திரையை நிறைத்தன. "பத்து முப்பத்திநாலுக்கு எடுத்த படம் இது. அவன் இதுக்குள்ள இருக்கான். உயிரோட நிக்கிறான். ஆனா ஒரு கட்டம் பத்து மீட்டர். இவ்வளவு பெரிய பிள்ளை ஒரு கட்டத்துக்குள்ள கரைஞ்சு போயிட்டான். நானும் நாலு வருஷமா பாக்கிறேன்."

துப்பறிவாளர் காப்பீட்டு நிறுவனத்தில் கற்ற பாடம் ஒன்று உண்டு: ஒருவர் எல்லாவற்றையும் கூறி முடித்த பின்னும் கையை மேசை இழுப்பறையின் பிடியிலிருந்து எடுக்காவிட்டால், இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறது.

"அவனை வேற என்ன அளக்கச் சொன்னீங்க?"

இழுப்பறை திறந்தது. உள்ளிருந்து வந்தது ஒரு களப் படிவம். அதில் இரண்டே வரிகள். 'கரையின் அமைவிடம்' என்ற வரியில், மெசேஜில் வந்த இரண்டு எண்களும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. 'ஆழம்' என்ற வரி வெறுமையாக இருந்தது.

"படத்துக்கு ஆழம் தேவையே இல்லம்மா. எந்தச் செயற்கைக்கோளுக்கும் ஆழம் தெரியாது. எனக்குத்தான் படிவத்துல எதையும் காலியா விடப் பிடிக்காது. 'ஓரத்தோட திரும்பிடாதே, பத்தடி உள்ள இறங்கி ஆழமும் பாத்துட்டு வா'ன்னேன்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அவன் பாக்கலை. கோபத்துல அதைப் பாக்காமலே பஸ் ஏறிட்டான். அதனாலதான் மூணாவது எண் வரலை. இல்லையா?"

அப்போது வாயாடி துப்பறிவாளரின் தோளைத் தொட்டார். அறையின் மூலையில் ஏழு துளைகள் கொண்ட மரச்சட்டம் ஒன்று நின்றது. ஆறு துளைகளில் ஆறு கோல்கள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய, ஆள் உயரத்தையும் விஞ்சிய கோல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் எண் பொறித்த பித்தளை வளையம். ஏழாவது துளையில் ஒட்டடை படிந்திருந்தது.

துப்பறிவாளர் எழுந்தார். "வாயாடி, உடனே கீழே போ. அவரை மேலே வர விடா—"

கதவு படாரெனத் திறந்தது.

"மணி நாலே கால் ஆச்சு!" விவசாயி மூச்சிரைக்க நின்றார். அவருக்குப் பின்னால் காவலாளி. "என்னை வெளியில உக்கார வெச்சுட்டு உள்ள என்ன பேச்சு? யாரும்மா அது, என் ஏரிக்கு நீலம் அடிச்ச மகராசி? நீங்கதானா? என்னைக்காவது அந்த மண்ணுல காலை வெச்சிருக்கீங்களா? முப்பது கிணறு வத்திக் கிடக்கு. என் பேரன் கேக்கிறானே, அவனுக்கு வந்து பதில் சொல்லுங்க!"

கோலைத் தரையில் ஓங்கி ஊன்றினார். சரிபார்ப்பாளர் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. ஊன்றிய கோலின் தலையையே பார்த்தார். கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்த பித்தளை வளையத்தில் ஏழு என்ற எண் இன்னும் அழியாமல் இருந்தது.

"இது எங்க கிடைச்சுது உங்களுக்கு?"

"ஏரியிலதான். பேச்சை மாத்தாதீங்க."

"ஏரியில எங்க?"

அக்குரலில் இருந்த ஏதோ ஒன்று விவசாயியின் சினத்தைப் பிடித்து நிறுத்திற்று. "வடகிழக்கு மூலையில. கோரை இருக்கும் பாருங்க, அங்கேர்ந்து நேரா பத்துப் பன்னண்டு அடி உள்ள. முதல் தடவை ஏரி வத்தினப்போ பாத்தோம். சேத்துக்குள்ள பாதி இறங்கி, யாரோ நட்டு வெச்ச மாதிரி நின்னுச்சு. அலுவலகத்துக்காரங்க நட்டதுன்னு நினைச்சோம். யாரும் தேடி வரலை, நான் பிடுங்கிக்கிட்டேன்."

"பத்தடி உள்ள அவ்வளவு சேறா?"

"அது பழைய மண் வெட்டின பள்ளம்மா. ரெண்டு ஆள் ஆழம், முழுக்கச் சேறு. ஊர்க்காரன் அந்தப் பக்கமே போக மாட்டான். வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. தண்ணி நின்னா மேலே ஒண்ணும் தெரியாது, சமமா..."

அவர் நிறுத்தினார். மேசைமேல் விரிந்து கிடந்த தாளையும், வெறுமையான ஒரு வரியோடு இருந்த படிவத்தையும், திரையை நிறைத்த கரிய கட்டங்களையும், அந்தப் பெண்மணியின் கைகளையும் பார்த்தார். படிப்பறிவு குறைந்தவர்தாம், ஆயினும், மூன்றாண்டுகளாக அலுவலகம் முழுவதும் படிக்க மறுத்ததை ஒரே பார்வையில் படித்துவிட்டார். தரையில் ஊன்றியிருந்த கோலை மெல்லத் தூக்கி, இரு கைகளிலும் ஏந்திக்கொண்டார்.

"யாரும்மா?" என்றார்.

"என் பையன்."

வாயாடி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். 

"மணி என்ன?" என்று கேட்டார் சரிபார்ப்பாளர்.

"நாலரை" என்றார் துப்பறிவாளர். "நீங்க இப்பவே செய்யணும்னு இல்ல. உங்க இயக்குநர்கிட்ட நான் பேசறேன்."

"இல்ல. இது என் மேசைக்கு வந்த கட்டம்."

அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டார். இந்த மாதத்து வரைபடத்தைத் திறந்தார். ஏரியைத் தெரிவு செய்தார். நீலம், பழுப்பு என்ற இரண்டு பெட்டிகள் திரையில் தோன்றின. மூன்றாண்டுகளாக முதற்பெட்டிக்கே சென்று பழகிய கை, வழக்கம்போல அங்கேயே சென்று நின்றது. பிறகு நகர்ந்தது. ஏரி ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கட்டங்கட்டமாகப் பழுப்பாயிற்று. வடகிழக்குப் பல் மட்டும் தனியாக எஞ்சிற்று. அது கையால் போடப்பட்ட கட்டம், ஆகவே கையால்தான் நீக்க வேண்டும். அவர் அதன்மேல் அம்புக்குறியை நிறுத்தி, நெடுநேரம் அப்படியே இருந்தார். 

அதுவும் பழுப்பாயிற்று.

"பட்டியல்ல ஏறிடுச்சு" என்றார் அவர், விவசாயியிடம். "பேரன்கிட்டச் சொல்லுங்க."

விவசாயி தலையசைத்தார். மூன்றாண்டுகளாக அவர் காத்திருந்த செய்தி; ஆயினும், அதை வாங்கிக்கொள்ள அவருடைய முகத்தில் இடம் இல்லை.

"மெஷின் வரும்போது நான் வந்து ஓரமா நிக்கலாமா?"

"அந்தப் பள்ளத்துல மெஷினை விட மாட்டோம்மா. நாங்க ஊர்ல இருபது பேர் இருக்கோம். கையாலயே எடுக்கிறோம். நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லுங்க." அவர் கோலை மேசைமேல், படிவத்தின் பக்கத்தில், ஓசை எழாமல் கிடத்தினார். பிறகு தலைகுனிந்து, தம் கால்களில் கிடந்த புழுதி படிந்த செருப்புகளைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "இனிமே அங்க செருப்போட நடக்க மாட்டேன்."